இன்னைக்கு ரோடு எப்படி?

எங்க ஓட்டல் வெப்சைட்டை மொத வாரம் பார்த்தது மொத்தம் பதினொரு தடவை. அதுல ஒம்பது தடவை நான். ஒரு தடவை ஜோஜோ சாரோட சம்சாரம். மிச்சம் ஒண்ணு யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஏதோ வழி தெரியாம உள்ள வந்த புண்ணியவானா இருக்கும்.

ஓட்டல் பேரு பதினெட்டாம் வளைவு. போடியிலருந்து மலை ஏறுனா பதினேழு கொண்டை ஊசி வளைவு. அது முடிஞ்சு, போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டி கேரளாவுக்குள்ள கொஞ்ச தூரம் வந்தா, ஏலத்தோட்டத்துக்கு நடுவுல பன்னெண்டு ரூம்போட புதுசா நிக்கும். மொதலாளி ஜோஜோ சார். நான் வினோ, ரிசப்ஷன், தங்குறதும் ஓட்டலுக்குப் பின்னாடி தகர ரூம்புலதான். பி.காம் படிச்சிருக்கா, போனை நல்லா நோண்டுறான்னு வெப்சைட்டையும் என் தலையில கட்டிட்டாரு.

தினம் காலையில காப்பி கிளாசோட வந்து கவுண்டர்ல சாஞ்சுகிட்டு கேப்பாரு. "வினோ, இன்னைக்கு எத்ர?"

"ஏழு சார்."

"ஏழு ஆளா? எப்ப வராங்க?"

"வரல சார். பாத்திருக்காங்க. அம்புட்டுதான்."

"பாத்துட்டு எந்தினா வராம போறாங்க?"

நான் என்னத்தச் சொல்ல? என்னையவே ஏழு பேரு வந்து பாத்து, பஜ்ஜி தின்னுட்டுப் போயிருக்கானுங்க. பாக்க வர்றவன்லாம் கட்டிக்கிறானா என்ன.

வெப்சைட் செஞ்சு கொடுத்த கொச்சிக்காரன், நெறைய எழுதுங்க, ஆள் தானா வரும்னு சொன்னான். நானும் 'மூணாறில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' எழுதுனேன். தேனிலவு, தேயிலை, தேன்னு என்னென்னமோ எழுதுனேன். மூணாறைப் பத்தி ஊரு உலகமே எழுதி வச்சிருக்கு, இவ எழுதி என்ன ஆகப் போகுது? பதினொண்ணு பதினாலு ஆச்சு. செப்டம்பர் கடைசியில ஜோஜோ சார் சிரிச்சுகிட்டேதான் சொன்னாரு. "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாக்கலாம் வினோ. ஆள் வரலைன்னா புக்கிங் எல்லாம் கொச்சிக்காரனே பாத்துக்கட்டும். ரிசப்ஷனுக்கு இங்க ஒரு ஆளு போதும்." அந்த ஒரு ஆளு அவரு மச்சினன் மகன்னு எனக்குத் தெரியாதா?

இந்த வேலை போச்சுன்னா எனக்கு மிச்சம் இருக்குறது ஜீப்புதான். போடியிலருந்து தினமும் இருட்டோட கெளம்பி ஏலத்தோட்டத்துக்குப் பொம்பளையாளுகளை ஏத்திட்டு வருமே, அந்த ஜீப்பு. பத்துப் பேரு உக்கார்ற எடத்துல பதினெட்டுப் பேரு. பின்னாடி உக்காந்தா போற ரோடு தெரியாது, வந்த ரோடுதான் தெரியும். பன்னெண்டாப்பு முடிச்சுட்டு நானும் ஒரு வருசம் போனேன். ஒவ்வொரு வளைவுலயும் குடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி. இனி செத்தாலும் இந்த ஜீப்புல ஏற மாட்டேன்னு மாரியாத்தா மேல சத்தியம் பண்ணிட்டுத்தான் காலேஜுக்குப் போனேன்.

எங்க மதினி வேலுத்தாய் இருபத்தோரு வருசமா அதே ஜீப்புலதான் வருது. எங்கண்ணன் சம்சாரம். எங்கம்மா போனதுக்கப்புறம் எனக்குத் தலை பின்னி விட்டதும், வயசுக்கு வந்தப்ப தண்ணி ஊத்துனதும், காலேஜுல கொண்டு போய் விட்டதும் மதினிதான். ஆனா இங்க வேலைக்குச் சேந்த அன்னைக்கு ஜோஜோ சார், "வீட்ல எந்தா பணி?"ன்னு கேட்டதுக்கு என் வாயில என்ன வந்துச்சு தெரியுமா? "ஏலக்கா பிசினஸ் சார்." முழுப் பொய்யின்னும் சொல்ல முடியாது. எங்க வீட்டு அடுப்பு ஏலக்காயிலதான் எரியுது. இப்படித்தான் எனக்கு நானே ஞாயம் சொல்லிக்குவேன்.

ஜீப்புப் பொம்பளைங்ககிட்ட ஒரு பழக்கம் உண்டு. முந்தி ஒருக்கா ஒரு வண்டி பள்ளத்துல எறங்குனதிலருந்து, மேட்டுல ஏறி டவர் கெடைச்சதும் வீட்டுக்கு ஒரு போன் போட்டு "ஏறியாச்சு"ன்னு சொல்லிருவாங்க. அந்த ஒரு வார்த்தை வந்தாத்தான் கீழ இருக்குறவங்க அடுப்புப் பத்த வைப்பாங்க. எங்கண்ணன் அந்நேரத்துக்குக் குறட்டை விட்டுகிட்டு இருக்கும். அதனால மதினி எனக்குத்தான் போடும். ஆறு இருபதுக்கு டாண்ணு வரும்.

அக்டோபர்ல ஒரு மழை நாளு. "வினோ, ஏறியாச்சு. பதினோராம் வளைவுல மரம் சாஞ்சு கெடக்கு. ஓரமா ஒரு வண்டி போகலாம். உங்க ஓட்டலுக்கு யாரும் வர்றதா இருந்தாச் சொல்லிரு."

எழுத வேற ஒண்ணும் இல்லாத எரிச்சல்ல அதையே வெப்சைட்ல போட்டேன். மதியம் பாத்தா அறுபத்து மூணு. எனக்குக் கண்ணையே நம்ப முடியல. எல்லாரும் எதைத் தேடி வந்தாங்கன்னு நோண்டிப் பாத்தேன். ஒருத்தனும் எங்க ஓட்டலைத் தேடல. அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்விதான். போடிமெட்டு ரோடு இன்னைக்கு எப்படி?

அட கூறுகெட்டவளே, கையில வெண்ணெயை வச்சுகிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கியேன்னு என் மண்டையில நானே கொட்டிகிட்டேன். அன்னைக்கே 'இன்னைக்கு ரோடு எப்படி?'ன்னு ஒரு பக்கம் தொடங்கிட்டேன். மதினிகிட்ட, தெனமும் கொஞ்சம் வெவரமாச் சொல்லுங்கன்னு கேட்டேன். மறுநாளே ஜீப்புக்குள்ள ஒரு ஏற்பாடு பண்ணிருச்சு மதினி. இடது ஓரம் உக்கார்றவ பாறையைப் பாத்துக்கணும், வலது ஓரம் உக்கார்றவ பள்ளத்தைப் பாத்துக்கணும், நடுவுல இருக்குறவ வளைவை எண்ணிக்கணும். பதினேழு பேரும் பாத்ததை மதினி சேத்துச் சொல்லும். "நாலாம் வளைவுல சின்னக் கல்லு, தள்ளி விட்டுட்டோம். எட்டாம் வளைவுல பனி, லைட்டு போட்டாலும் தெரியல. பதிமூணுல தண்ணி ஓடுது, பைக்கு கவனம்." நான் டைப் அடிப்பேன். ஆறரைக்கெல்லாம் வெப்சைட்ல வந்துரும்.

இருநூறு, எழுநூறு, ஆயிரத்து எண்ணூறு. வாழைக்கா லாரிக்காரன் பாக்குறான், மதுரைக்குப் போற பஸ் கண்டக்டர் பாக்குறாரு, சூரியநெல்லியில பொண்ணு கட்டிக் கொடுத்தவங்க பாக்குறாங்க. பாத்தவங்கள்ல பத்துல ஒருத்தன், சரி, ரூம்பு எப்படி இருக்குன்னும் தட்டிப் பாத்தான். தீபாவளிக்குப் பன்னெண்டு ரூம்பும் நெறஞ்சிருச்சு. ஜோஜோ சார் ரிசப்ஷனுக்கு ஒரு ஆளு போதும்னு பேசுறதையே விட்டுட்டாரு.

ஒருநாள் கேட்டாரு. "வினோ, இந்த ரோடு வெவரம் ஆரு தர்றது?"

அப்பச் சொல்லிருக்கலாம். எங்க மதினி சார், ஜீப்புல காய் எடுக்க வர்றவங்க சார், அம்புட்டுதான். ரெண்டு நொடி வேலை. ஆனா ஏலக்கா பிசினஸ் குறுக்க வந்து நின்னுகிச்சு. "நம்ம டிரைவர் பினுதான் சார். வெள்ளன எந்திரிச்சுப் போய்ப் பாத்துட்டு வர்றான்." அவருக்குச் சந்தோசம் தாங்கல. பினுவுக்குப் புது யூனிபார்ம் போட்டு, வெள்ளை ஜீப்பு முன்னாடி நிக்க வச்சுப் படம் எடுத்து, 'தினமும் நேரில் சென்று பார்க்கும் எங்கள் ரோடு டீம்'னு அந்தப் பக்கத்துல போடச் சொல்லிட்டாரு. பினு என்னையப் பாத்துச் சிரிச்சான். "சேச்சி, ஞான் ஏழு மணிக்கு எந்திரிக்கற ஆளல்லோ." வாயை மூடிகிட்டு நில்லுடான்னு சொல்லிட்டு நான்தான் படம் எடுத்தேன்.

நவம்பர்ல ஒரு சனிக்கெழமை. மழை வலுத்ததால தோட்டத்துல சீக்கிரமே ஆளுகளை விட்டுட்டாங்க. மூணரை மணி இருக்கும். ரிசப்ஷன்ல மதுரைக் குடும்பம் ஒண்ணு ரூம்பு எடுக்க நிக்குது. ஜோஜோ சார் அவங்களுக்கு ரோடு டீமைப் பத்திப் பெருமையாச் சொல்லிகிட்டு இருக்காரு. கண்ணாடிக் கதவைத் தள்ளிகிட்டு ரெண்டு பொம்பளைங்க உள்ள வந்தாங்க. தலையில பிளாஸ்டிக் தாளு, சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டை, முழங்கால் வரைக்கும் சேறு. முன்னாடி மதினி. பின்னாடி அதே ஜீப்புல வர்ற பொன்னாத்தாள் அக்கா.

எதுக்கு வந்தாங்கன்னு எனக்குப் பாத்ததுமே தெரியும். நாங்க சொல்றது அந்தக் கம்ப்யூட்டர்ல எப்படி வருதுன்னு ஒருநாள் காட்டு வினோன்னு ரெண்டு வாரமா மதினி கேட்டுகிட்டே இருந்துச்சு. அதுகிட்ட இருக்குறது பட்டன் போன். மதினி என்னையப் பாத்து மொகமெல்லாம் சிரிப்பா ஒரு எட்டு எடுத்து வச்சுச்சு. வெள்ளைத் தரையில சேத்துக் காலு பதிஞ்சிருச்சு.

"ஆரா வினோ?"ன்னாரு ஜோஜோ சார்.

"வேலை கேட்டு வந்திருக்காங்க சார்."

நான்தான் சொன்னேன். யாரும் என் கழுத்துல கத்தியை வைக்கல.

மதினி மொகத்துல சிரிப்பு அப்படியே நின்னுச்சு. என்னையப் பாத்துச்சு. அப்புறம் கம்ப்யூட்டர் பக்கம் பாத்துச்சு. பெறகு ஜோஜோ சாரைப் பாத்து, "ஆமாங்கய்யா. கூட்டிப் பெருக்குற வேலை எதுவும் இருக்குமான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்"ன்னுச்சு. பொன்னாத்தாள் அக்கா வாயைத் தொறக்கப் போக, மதினி அதோட கையைப் புடிச்சு அமுக்குனதை நான் பாத்தேன்.

ஜோஜோ சார் நல்ல மனுசன். "இப்ப வேலை ஒழிவு இல்லல்லோ சேச்சி. பேரும் நம்பரும் கொடுத்துட்டுப் போங்க. வினோ, எழுதிக்கோ"ன்னாரு.

நான் நோட்டை எடுத்தேன். "பேரு?"ன்னு கேட்டேன். என் வாயாலதான் கேட்டேன்.

"வேலுத்தாய்."

"நம்பரு?"

மதினி ஒவ்வொண்ணா நிதானமாச் சொல்லுச்சு. ஒம்பது, நாலு, எட்டு... தெனமும் ஆறு இருபதுக்கு என் போன்ல வர்ற நம்பரு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அதை மொத தடவை கேக்குற மாதிரி குனிஞ்சு குனிஞ்சு எழுதுனேன். எழுதி முடிச்சு நிமிர்றப்ப ரெண்டு பேரும் வெளிய போயிட்டாங்க. தொடைக்கிற பொண்ணு வந்து சேத்துத் தடத்தைத் தொடச்சுட்டுப் போச்சு.

ஞாயித்துக்கெழமை ஜீப்பு கெடையாது. நாலு தடவை போனை எடுத்தேன், நாலு தடவையும் வச்சுட்டேன். என்னன்னு சொல்ல? வேலை கேட்டு வந்தவங்களா நீங்கன்னா? அழுக வந்துச்சு, கூடவே கோவமும் வந்துச்சு. என் கோவம் ஒரு கேவலமான கோவம். தப்பு என் மேல இருந்தா அடுத்தவங்க மேலதான் பாயும். சொல்லாம கொள்ளாம எதுக்கு வரணும்? அந்தக் கோலத்துல எதுக்கு வரணும்? ராத்திரி பூரா மழை தகரத்துல கொட்டிகிட்டே இருந்துச்சு, நானும் பூரா ராத்திரி மதினியைத் திட்டிகிட்டே கெடந்தேன்.

திங்கக்கெழமை ஆறு இருபது ஆச்சு. போன் வரல. ஆறரை. வரல. கம்ப்யூட்டர்ல பாத்தா முன்னூத்திப் பன்னெண்டு பேரு அந்தப் பக்கத்தைத் தொறந்து வச்சுட்டு உக்காந்திருக்காங்க. எனக்குப் புரிஞ்சு போச்சு. ரோசம். மதினிக்கு ரோசம் வந்திருச்சு, போன் பண்ணாம என்னையப் பழி வாங்குது. பெரிய கலெக்டரு, இவங்க சொல்லலைன்னா எனக்கு எழுதத் தெரியாதாக்கும்னு, ஆறே முக்காலுக்கு நானே டைப் அடிச்சேன். 'ரோடு கிளியர். லேசான பனி. தாராளமாக வரலாம்.'

ஏறியாச்சுன்னு போன் வரலைன்னா எந்த வீட்லயும் அடுப்புப் பத்த வைக்க மாட்டாங்கன்னு மேல சொன்னேன்ல? அம்புட்டு மழை பெஞ்ச ராத்திரிக்கு மறுநாளு, பதினேழு வளைவு ஏறி வர வேண்டிய மனுசி போன் போடல. அய்யோ, என்ன ஆச்சோன்னு எனக்குத் தோணவே இல்ல. சத்தியமாத் தோணல. நான் ரெண்டு இட்லி சாப்பிட்டேன்.

எட்டு நாப்பதுக்குப் போன் வந்துச்சு.

"வினோ... ஏறியாச்சு." மூச்சு வாங்குது. "ஒம்பதாம் வளைவுல மண்ணு சரிஞ்சு ரோட்டையே மூடிருச்சு. எங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஜீப்பு அங்கனயே நிக்குது. அங்க டவரு இல்லைல்ல, அதான் மண்ணு மேலயே ஏறி நான் மட்டும் நடந்து வந்தேன். கீழ எறங்கப் போறவங்களை நிறுத்தச் சொல்லி எழுதிரு." ஒரு நிமிசம் மூச்சு விட்டுச்சு. "நீ இன்னும் ஒண்ணும் எழுதலல்ல?"

"இல்ல மதினி. நீங்க சொல்லாம எழுதுவேனா?"

மதினி, "சரித்தா"ன்னு சொல்லிட்டு வச்சுருச்சு.

அவசர அவசரமா மாத்துனேன். என்ன மாத்தி என்ன? என் கிளியரை நம்பி இருபத்தாறு வண்டி மேலருந்து எறங்கி, மண்ணு முன்னாடி முட்டிகிட்டு நிக்குது. திருப்ப எடமில்ல. அதுல ஒருத்தரு நெஞ்சு வலிக்காரரு, மகன் அவரை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறான். மூணு மணி நேரம் கழிச்சு வண்டிகளை ஒவ்வொண்ணாப் பின்னாடியே எடுத்து, குமுளி வழியாச் சுத்திப் போனாங்க. மனுசன் பொழச்சுகிட்டாரு. மகன் எனக்குப் போன் போட்டான். திட்டல. "உங்க டீம் நேர்ல போய்ப் பாத்தாங்களா மேடம்?"னு மட்டும் கேட்டான். அவன் திட்டிருக்கலாம்.

சாயங்காலம் ஜோஜோ சார் கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, "ஏழாயிரத்து நானூறு வினோ! திட்ட வந்தாலும் வந்தாங்கல்லோ"ன்னாரு. அவ்வளவு பேரு அதுக்கு முன்னாடியும் வந்ததில்ல, பின்னாடியும் வந்ததில்ல.

நான் போடிமெட்டுக்கு நடந்தேன். மதியத்துக்கு மேல ஒத்தைப் பாதை தொறந்து விட்டு, ஜீப்பும் மேல வந்திருந்துச்சு. டீக்கடை ஓரமா ஜீப்பு நின்னுச்சு, பொம்பளைங்கள்லாம் ஏறி உக்காந்துட்டாங்க. மதினி கடைசியில, கம்பியைப் புடிச்சுகிட்டு. முழங்கை வரைக்கும் காஞ்ச சேறு, இடது உள்ளங்கையில துணி சுத்தியிருந்துச்சு.

"மதினி, நான் எழுதிட்டேன். காலையிலயே. நீங்க போன் போடலைன்னு... கோவத்துல, கிளியர்னு எழுதிட்டேன்."

"தெரியும்"ன்னுச்சு மதினி. "மண்ணைத் தாண்டி மேல ஏறுனா வரிசையாக் காரு நிக்குது. ஏன்யா இந்த மழையில எறங்குனீங்கன்னு கேட்டேன். ஒரு தம்பி டவர் இருக்கும்போதே தொறந்து வச்சிருந்த பக்கத்தைப் போன்ல காமிச்சுப் படிச்சான். பினு படமும் இருந்துச்சு. நல்லாருந்துச்சு."

"அப்ப எல்லாம் தெரிஞ்சுகிட்டு எதுக்கு மதினி போன்ல அப்படிக் கேட்டீங்க?"

"நீ என்ன சொல்லுவேன்னு பாக்கத்தான்."

கோவமாச் சொல்லிருந்தா நானும் ஏதாவது சொல்லிருப்பேன். பசிக்குதான்னு கேக்குற மாதிரி சொல்லுச்சு. பதினாறு பொம்பளைங்க என்னையப் பாத்துகிட்டு இருந்தாங்க. ஜீப்பு கெளம்பிருச்சு. பின்னாடி உக்காந்தவங்களுக்கு வந்த ரோடுதான் தெரியும்னு சொன்னேன்ல, அந்த ரோட்டுல நின்னவ நான்தான். மதினி மொகத்தைத் திருப்பாம என்னையப் பாத்துகிட்டேதான் போச்சு, நான்தான் தலையைக் குனிஞ்சுகிட்டேன்.

ஓட்டலுக்கு வந்து பினு படத்தை எடுத்தேன். 'ரோடு வெவரம் சொல்பவர்: வேலுத்தாய், ஏலத்தோட்டத் தொழிலாளி, போடி. உடன் பதினாறு பேர். இன்று காலை கிளியர் என்று எழுதியது அவர் சொல்லாமல் நானாக எழுதியது'ன்னு கீழ என் பேரையும் போட்டேன். ஜோஜோ சார் படிச்சுட்டு வந்தாரு. "ஆரு இந்த வேலுத்தாய்?"

"எங்க மதினி சார். கூடப் பொறந்த அண்ணன் சம்சாரம்."

"சனியாழ்ச்ச ஜோலி கேட்டு வந்த சேச்சி பேரும் அதுதானே?"

"அவங்கதான் சார்."

அவரு நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பாத்தாரு. என் கையெழுத்துல பேரு, நம்பரு. நோட்டை மூடி வச்சுட்டு உள்ள போயிட்டாரு. என்னையத் திட்டல. வேலையை விட்டு நிப்பாட்டவும் இல்ல.

மறுநாள் ஆறு மணிக்கே போனைக் கையில வச்சுகிட்டு உக்காந்தேன். அடுப்புப் பக்கம் போகல. ஆறு இருபதுக்கு அடிச்சுச்சு. வேற நம்பரு.

"வினோவா? நான் பொன்னாத்தா. ஏறியாச்சு. எழுதிக்க. ஆறாம் வளைவுல கல்லு, தள்ளியாச்சு. ஒம்பதுல ஒரு வண்டிதான் போகலாம்."

எழுதுனேன். எழுதிட்டுக் கேட்டேன். "அக்கா, மதினி வரலையா?"

"இங்கனதான் பக்கத்துல நிக்கிறா."

"ஒரு நிமிசம் கொடுங்கக்கா."

அந்தப் பக்கம் போனைப் பொத்திகிட்டுப் பேசுறது கேட்டுச்சு. பொன்னாத்தாள் அக்கா திரும்ப வந்துச்சு.

"பதினாலுல பனி எறங்குது, அதை விட்டுட்டேன், சொல்லுங்கறா."